அலைக்கேற்ற கால் துடுப்பு

ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென் சீனக் கடலைக் கலக்கிவிடுகிறது. அந்த மாதங்களில் பகாங் மாநிலத்துச் செராத்திங்கிலும், ஜொகூர் மாநிலத்துத் தெசாருவிலும், தியோமான் தீவின் கிழக்குக் கரையான ஜுவாராவிலும் மற்ற நாட்களில் காணமுடியாத அலைகள் எழுகின்றன. மீனவர்கள் படகைக் கரையேற்றிவிட்டு வலையைப் பழுது பார்க்கும் காலம் அது. நம் இளைஞர்களில் சிலர் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி விரையும் காலமும் அதுதான். அவர்களில் நின்றபடி நீண்ட பலகையில் சறுக்குகிறவர்களை விட்டுவிடுவோம். குட்டைப் பலகைமேல் மார்பை வைத்துப் படுத்தோ, பலகையே இல்லாமல் தம் உடலையே பலகையாக்கியோ அலையேறுகிறவர்களைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். அவர்களுடைய காலில் வாத்தின் பாதம்போல் விரிந்த ரப்பர்த் துடுப்பு ஒன்று இருக்கும். கடையில் ‘ஃபின்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நாம் அதைக் கால் துடுப்பு என்று சொல்வோம்.

கடையில் வாங்கிய துடுப்பு எல்லாக் காலுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. வாங்கிய அன்றே அது நமக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. தைத்து வந்த சட்டையின் கையை ஒரு விரற்கடை மடித்துத் தைத்துக்கொள்வதில்லையா? அதுபோலத் துடுப்பையும் வீட்டிலேயே சிறிது வெட்டி, சிறிது இழைத்து, நம் காலுக்கும் நாம் ஏறும் அலைக்கும் ஏற்றதாக ஆக்கிக்கொள்ளலாம். கத்தியை எடுப்பதற்கு முன் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கடலில் ஆழமான இடத்திலிருந்து நம்மைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் அதே துடுப்புதான் அல்லவா?

அலையேறுவதென்றால் என்ன? கரையை நெருங்கும் அலையின் வேகம் அந்த இடத்து நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 2 மீட்டர் ஆழத்தில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஆழம் 1 மீட்டராகக் குறையும்போது அதன் வேகம் விநாடிக்கு 3.1 மீட்டராகத் தணிகிறது. உலகின் மிக விரைவான நீச்சல் வீரர்கள் 50 மீட்டரை 21 விநாடியில் கடக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது விநாடிக்கு 2.4 மீட்டர்கூட எட்டவில்லை. அலையை ஓடிப் பிடிக்க மனிதனால் ஆகாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அலை நம்மை எட்டிப் பிடிக்கும் அந்தக் கணத்தில் நாமும் அதே திசையில் போதிய வேகத்தோடு போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அலையின் சரிவில் நம் உடல் வழுக்கத் தொடங்கும். மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வேகம் போதாவிட்டால் அலை நம்மை உச்சியில் தூக்கி, பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும்.

ஆகவே அலையேறுகிறவருக்கு வேண்டியது ஆறேழு உதைகளில் கிளம்பும் திடீர் வேகம். முக்குளிப்பவருக்கு வேண்டியதோ மணிக்கணக்கில் களைக்காமல் நீந்தும் திறன். முக்குளிப்பவரின் நீண்ட துடுப்பு ஒவ்வோர் உதைக்கும் நிறைய நீரைத் தள்ளும். ஆனால் மெதுவாகத்தான் அசையும். அதை மாட்டிக்கொண்டு அலையில் இறங்கினால் வால் நீண்ட சட்டையை உடுத்திக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கும். அலையின் சரிவில் வழுக்கும்போது அது பின்னால் நீரில் இழுபடும். ஆழமற்ற இடத்தில் மணலில் முட்டும். அதனால்தான் அலைக்கான துடுப்பு குட்டையாகவும் விறைப்பாகவும் செய்யப்படுகிறது.

இதன் வரலாறும் சுவையானதே. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது, 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள இரண்டு பலகைத் துண்டுகளைச் செய்து, கட்டைவிரல் நுழையத் துளையிட்டுக் கையில் பிடித்து நீந்திப் பார்த்தார். காலுக்கும் ஒருவகைச் செருப்பைச் செய்து மாட்டினார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீந்தும்போது உள்ளங்கால் மட்டும் உதைப்பதில்லை, பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் சேர்ந்தே நீரைத் தள்ளுகின்றன என்று அவரே காரணமும் கண்டார். பிறகு பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த லூயி தெ கோர்லியூ என்பவர் 1933-இல் கால் துடுப்புக்கு உரிமம் பெற்றார். அமெரிக்கரான ஓவன் சர்ச்சில், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். அவர் தாஹித்தித் தீவுக்குச் சென்றபோது அங்குள்ள சிறுவர்கள் கிரேப் ரப்பரால் செய்த துடுப்புகளை மாட்டிக்கொண்டு விரைவாக நீந்துவதைக் கண்டார் என்று சொல்வார்கள். 1940-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த துடுப்பு முதல் ஆண்டில் ஆயிரம் இணைகூட விற்கவில்லையாம். இரண்டாம் உலகப்போரில் கடற்படைகள் அதை விரும்பி வாங்கின. போர் முடிந்ததும் கலிபோர்னியா, ஹவாய்க் கடற்கரைகளில் அலையேறுகிறவர்களின் காலுக்கு அது வந்து சேர்ந்தது. ஹொனலூலுவில் பாயிண்ட் பேனிக் என்னும் இடம், பலகை ஏதுமின்றி உடலால் அலையேறுகிறவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கலிபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரையில் ‘வெட்ஜ்’ என்னும் புகழ்பெற்ற அலை உண்டு. அங்கே மே முதல் அக்டோபர் வரை பகலில் பலகைக்கு இடமில்லை. துடுப்பு மாட்டிய கால்களுக்கு மட்டுமே இடம்.

கிரேப் ரப்பர் என்ற சொல் நம் செவிக்குப் புதியதன்று. கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, மங்கில் வடிந்த பால் தொழிற்சாலையில் உறைந்து, உருளைகளுக்கிடையே நசுங்கி, சுருக்கம் விழுந்த விரிப்பாக வெளிவருவது தெரியும். இன்று உலகச் சந்தையில் விலைபோகும் அலைத் துடுப்புகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் ‘மலேசியாவில் செய்யப்பட்டது’ என்ற எழுத்தைக் காணலாம். ஹவாய்க்காரர் காலில் மாட்டுவது நம் பெற்றோர் வெட்டிய மரத்தின் வழியில் வந்த பாலாகவும் இருக்கலாம்.

அந்தப் பாலின் குணம் ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அப்படி ஒருமுறை வெந்த ரப்பரைத் திரும்ப உருக்க முடியாது. மெழுகையோ பிளாஸ்டிக்கையோபோல் வெந்நீரில் போட்டு வளைத்து வேறு வடிவம் கொடுக்கவும் முடியாது. சிலர் துடுப்பைக் கொதிநீரில் இட்டு, பாரம் வைத்து வளைக்கப் பார்க்கிறார்கள். ஆறியதும் அது பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். ரப்பரின் ஆயுள் குறைந்ததுதான் மிச்சம். ஆகவே வீட்டில் நம்மால் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றே: குறைப்பது. குறைத்ததைக் கூட்ட முடியாது. கத்தியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொண்டால் துடுப்பு தப்பும்.

துடுப்பின் பகுதிகளுக்கு முதலில் பெயர் வைத்துக்கொள்வோம். கால் நுழையும் இடம் பாதக்கூடு. குதிகாலைப் பிடித்திருப்பது வார். முன்னால் விரிந்திருப்பது இலை. இலையின் இரு ஓரங்களிலும் தடிப்பாக ஓடும் வரம்புகள் நரம்பு.

பாதக்கூட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். துடுப்பை மாட்டிக்கொண்டு நீரில் அரைமணி நேரம் நீந்திய பிறகுதான் எங்கே கடிக்கிறது என்பது தெரியவரும். கடையில் உலர்ந்த காலோடு போட்டுப் பார்த்தது கணக்கில் சேராது. பெரும்பாலும் வாரின் ஓரமும், பெருவிரலின் மேல்புறமும், புறங்காலில் கூடு முடியும் விளிம்பும்தான் புண்ணாக்கும். கூர்மையாக இருக்கும் அந்த விளிம்புகளை உட்புறமாக மணல்தாளால் தேய்த்து உருட்டிவிட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். கூடு சற்றுத் தளர்வாக இருந்தால் நியோப்ரீன் காலுறை அணியலாம். பழைய நீச்சல் உடையின் நியோப்ரீன் துண்டு கிடைத்தால் வாரின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கூடு மிகவும் இறுக்கமாக இருந்தாலோ அதை வெட்டிப் பெரிதாக்க முயலவேண்டாம். அளவு மாற்றி வேறொன்று வாங்குவதே முறை. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், கால் மரத்துப்போகும், அதன்பின் வருவது பிடிப்பு.

அடுத்தது மணல். கரையோரத்தில் உடையும் அலை மணலைக் கிளறி பாதக்கூட்டின் விரல் பக்கத்தில் கொண்டுவந்து அடைக்கும். அது விரல்களை அரத்தால் ராவுவதுபோல் ராவும். சில துடுப்புகளில் அதற்கென்றே அடியில் துளைகள் இருக்கும். இல்லாதவற்றில் விரல்நுனிக்கு நேர் கீழே, 8 மில்லிமீட்டர் அளவில், இரண்டு துளைகள் போட்டுக்கொள்ளலாம். செருப்புத் தைப்பவர்கள் தோல்வாரில் துளையிட வைத்திருக்கும் குழல் உளியே இதற்குச் சரியான கருவி. அடியில் மரக்கட்டையை வைத்து, ஒரே அடியில் வட்டமாக வெட்டிவிட வேண்டும். கத்தி முனையால் கீறிச் செய்த துளை நாளடைவில் கிழியும். ரப்பரில் கூரிய மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இழுவிசை முழுதும் போய்க் குவிகிறது. வட்டத்துக்கு மூலை இல்லை. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளைப்பாரும் உண்டு. நாற்றமும் பிசுபிசுப்பும்தான் மிஞ்சும். எந்தத் துளையும் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும்.

இனி இலைக்கு வருவோம். இதில்தான் கைவேலையின் நுட்பம் இருக்கிறது. இலையின் நுனியை வெட்டினால் துடுப்பு மெலிந்து இளகிவிடும் என்று பலரும் எண்ணுவார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் பாரம் தொங்கவிட்ட குச்சியை நினைத்துப் பாருங்கள். குச்சி நீள நீள வளைவு அதிகமாகும். அதுவும் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் அதிகமாகும். 20 சென்டிமீட்டர் இலையை 18 ஆகக் குறைத்தால், அதே விசைக்கு அதன் நுனி வளைவது கால்பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. அதாவது வெட்டிய துடுப்பு விறைப்பாகிறது. விறைத்த துடுப்பு உதைத்தவுடன் நீரைத் தள்ளும். கிளம்பும் வேகம் கூடும். ஆனால் கெண்டைக்கால் தசைக்கும் கணுக்காலுக்கும் பளு கூடும். நீரைத் தள்ளும் பரப்பும் குறையும்.

நரம்பின் கதை இன்னும் வியப்பானது. வளைவை எதிர்க்கும் வலுவில் பெரும்பங்கு நரம்பின் உயரத்தில் இருக்கிறது. இங்கேயும் அதே மும்மடிக் கணக்குத்தான். 10 மில்லிமீட்டர் உயரமுள்ள நரம்பை இழைத்து 8 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்குதானே போயிற்று என்று தோன்றும். அந்த நரம்பின் வலுவோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆகவே இலையை வெட்டுவது விறைக்கச் செய்யும். நரம்பை இழைப்பது இளகச் செய்யும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவரவர் காலுக்கு ஏற்ற இடத்தைத் தேடுவதுதான் துடுப்பைத் திருத்தும் கலை. உடல் எடை குறைந்தவர்கள், பெண்கள், பதின்ம வயதினர் ஆகியோருக்குக் கடைத்துடுப்பு பெரும்பாலும் விறைப்பாகவே இருக்கும். அவர்கள் இலையைத் தொடாமல் நரம்பை மட்டும் சிறிது இழைப்பது நல்லது. தொடை வலுத்தவர்கள், சட்டென்று எழுந்து உடையும் அலையில் ஏறுகிறவர்கள், நுனியைச் சிறிது குறைத்துப் பார்க்கலாம்.

வெட்டும் முறை இது. தடித்த அட்டையில் இலையின் உருவத்தை வரைந்து, விரும்பும் வடிவத்தை அதன்மேல் எழுதி, அட்டையை வெட்டி அச்சாக்கிக்கொள்ள வேண்டும். சில துடுப்புகளில் இலையின் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். அப்படியானால் மற்றக் காலுக்கு அச்சைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் இரண்டு இடக்கால் துடுப்புகள் கிடைக்கும்! ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் குறைக்க வேண்டாம். ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அலகைச் சோப்பு நீரில் நனைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். நனைந்த கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும். அமுக்கி ஒரே வெட்டாக வெட்டப் பார்த்தால் கத்தி சறுக்கும், விரல்தான் போகும். மெல்ல மெல்லப் பலமுறை கீறியே ஆழத்துக்குச் செல்ல வேண்டும். முனைகளை 50 சென் நாணயத்தின் வளைவுக்கு உருட்டி, பிறகு மணல்தாளை மரக்கட்டையில் சுற்றி விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். விளிம்பில் சிறு வெட்டுக்காயம்கூட இருக்கக்கூடாது. பால்மரத்தில் பட்டையைத் தாண்டி உளி பட்டால் மரத்துக்கு என்ன ஆகும் என்று தோட்டத்தார் அறிவார்கள். ரப்பர் இலையிலும் ஆழப்பட்ட ஒரு கீறல் ஒரு பருவத்தில் கிழிசலாகிவிடும். தேய்க்கும்போது பறக்கும் தூள் மூச்சுக்கு ஆகாது; வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து செய்வது நல்லது.

ஒட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். மிதிவண்டிக் குழாயை வெட்டி நரம்பின்மேல் ஒட்டி விறைப்பைக் கூட்டலாமே என்று சிலர் சொல்வதுண்டு. இரு பரப்பையும் சுரசுரப்பாக்கி, பசையைத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் அழுத்தினால் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும் இடத்தில் ஒட்டு நிலைப்பது அரிது. அது பாதி பிரிந்து தொங்கினால் முன்னிலும் மோசம். எங்கள் எண்ணத்தில் ஒட்டு வேலையைப் பாதக்கூட்டின் உள்மெத்தையோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

கழன்று போகும் துடுப்பைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. கலப்பற்ற இயற்கை ரப்பர் கடல்நீரைவிட இலேசானது, ஆதலால் மிதக்கும். கரித்தூள் சேர்த்த கறுப்பு ரப்பர் பெரும்பாலும் மூழ்கும். மிதப்பதேயானாலும் உடைந்த அலையின் நுரையில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஒற்றைத் துடுப்போடு, இழுக்கும் நீரோட்டத்தில் கரை திரும்புவது இளைஞருக்கும் கடினமே. எனவே கணுக்காலில் சுற்றும் மெத்தென்ற பட்டை ஒன்றிலிருந்து, 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலான் கயிற்றால் வாரைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றுக்காக வாரில் துளை போடவே கூடாது. துடுப்பில் மிகவும் இழுபடும் இடம் அதுதான். கயிற்றைக் கண்ணியாக்கி வாரைச் சுற்றி மாட்டினாலே போதும்.

திருத்திய துடுப்பைச் சோதிக்க நல்ல இடம் நீச்சல் குளம். நகராமல் மிதந்த நிலையிலிருந்து கிளம்பி 10 மீட்டரைக் கடக்க எத்தனை உதை, எத்தனை விநாடி என்று நண்பர் ஒருவரை எண்ணச் சொல்லி, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து முறை செய்து நடுத்தரமான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பிறகு இருபது நிமிடம் தொடர்ந்து நீந்திப் பார்க்க வேண்டும். விநாடி குறைந்திருந்தாலும் கெண்டைக்கால் இறுகினால் அந்தத் துடுப்பு நமக்கு இன்னும் விறைப்பாக இருக்கிறது; நரம்பைச் சிறிது இழைக்கலாம். கடலில் பிடிப்பு வந்துவிட்டால் பதறாமல் மல்லாந்து மிதந்து, துடுப்பின் நுனியைக் கையால் பற்றி நம் பக்கமாக இழுக்க வேண்டும். கெண்டைக்கால் தசை நீண்டு பிடிப்பு விடும். இதையும் குளத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

குளத்தில் தேறிய துடுப்பு கடலுக்குப் போகும் முதல் நாள், அலை இடுப்பளவுக்கு மேல் இருக்கவேண்டாம், தனியாகவும் போகவேண்டாம். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் எந்தத் துடுப்பும் துணையாகாது. பருவக்காற்றுக் காலத்தில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் நீச்சல் வீரரையும் வெல்லும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து உதைத்துக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிப் பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஆழமற்ற மணலில் செங்குத்தாக விழுந்து உடையும் அலையில் தலை முன்னே போக ஏறுவது கழுத்தை முறிக்கும். ஹவாயின் சாண்டி பீச் அத்தகைய விபத்துகளுக்குப் பெயர் போனது.

வீட்டுக்கு வந்ததும் துடுப்பை நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ போட்டுவைத்தால் ரப்பர் வெடிக்கும். கொக்கியில் தொங்கவிட்டால் வார் நீண்டு தளர்ந்துவிடும். தட்டையாகக் கிடத்தி வைப்பதே சரி. கால் எளிதாக நுழையட்டுமென்று நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுகிறார்கள். எண்ணெய் இயற்கை ரப்பரை ஊறவைத்துத் தளர்த்திவிடும். சோப்பு நீரே போதும். பருவம் முடிந்து மார்ச் மாதத்தில் எடுத்து வைக்கும்போது, வாரையும் இலை பாதக்கூட்டோடு சேரும் இடத்தையும் நன்றாக வளைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மயிரிழைபோல் வெடிப்புகள் தென்பட்டால் அந்த இணையைக் குளத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, அடுத்த நவம்பருக்குள் புதிதாக ஒன்றை வாங்கித் திருத்தத் தொடங்கலாம். பழைய அட்டை அச்சு அப்போது உதவும். அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.